கலாஸ் என்று கத்தியவன்

துபாயில் ஒரு கல்லூரியின் லக்ராஸ் கோச்சாக நான் பொறுப்பேற்ற முதல் நாள், பையன்களுக்கு முன்னால் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. நான் கோவில்பட்டி ஹாக்கிக்காரன். மட்டையைத் தரையோடு வைத்தே பழகிய கை. லக்ராஸில் மட்டையின் நுனியில் ஒரு வலைப்பை இருக்கும். கெட்டியான ரப்பர் பந்தை அதில் ஏந்திக்கொண்டே ஓட வேண்டும், வீச வேண்டும். என் வலையிலிருந்து பந்து பொத்தென்று விழுந்தது. பையன்கள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஸ்போர்ட்ஸ் அசிஸ்டெண்டாகப் போனவன் நான். மைதானத்தில் கோடு போடுவதும் தண்ணீர் கேன் தூக்குவதும்தான் டூட்டி. ஆண்கள் அணியைத் தொடங்கிய அமெரிக்க கோச்சுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் நின்று ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அவர் ஊருக்குத் திரும்பியதும் ஸ்போர்ட்ஸ் டைரக்டர் ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர்.

"இந்த சீசன் நீங்களே பாத்துக்கோங்க முத்தையா. தோஹா டீமோட மேட்ச் வரைக்கும் பாப்போம். சரியா வரலேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. சோறுதான் இறங்கவில்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

லக்ராஸில் பந்து தரையில் கிடந்தால் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவன் எதிராளியை உடம்பால் மறித்து நிற்பான். மற்றவன் பந்தை அள்ளுவான். அள்ளியதும் "ரிலீஸ்" என்று கத்துவான். மறித்தவன் அந்த நொடியே விலக வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல். எங்கள் அணியில் லெபனான், பாகிஸ்தான், கேரளம், தமிழ்நாடு என்று எல்லா ஊர்ப் பையன்களும் உண்டு. ஓட்டத்தில் அவர்கள் வாயில் "ரிலீஸ்" வரவில்லை, "கலாஸ்" வந்தது. முடிந்தது என்பதற்கு வளைகுடாவில் எல்லோரும் சொல்லும் அரபுச் சொல். நானும் அதையே எங்கள் சிக்னலாக்கினேன். திரும்பிப் பார்க்காதே, "கலாஸ்" காதில் விழுந்தால் விலகு என்று மாலைதோறும் பழக்கினேன். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

தோஹா மேட்ச் வந்தது. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் முன்னிலை. எங்கள் கோலுக்கு முன்னால் பந்து தரையில் கிடந்தது. துபாயிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன் அரவிந்த் அவர்களுடைய ஆளை அசையவிடாமல் மறித்து நின்றான். பந்தை அள்ள வேண்டிய எங்கள் ஆள் இன்னும் நாலு எட்டு தள்ளி ஓடி வந்துகொண்டிருந்தான். நான் வாட்சைப் பார்த்தேன். இன்னும் எட்டு வினாடிதான். ஜெயித்தாயிற்று என்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கலாஸ்! கலாஸ்!"

அரவிந்த் விலகினான். தோஹாக்காரன் பந்தை அள்ளி கோலுக்குள் வீசினான். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவர்களுக்கே வெற்றி. அதையும் அவர்களே போட்டார்கள்.

ராகவன் சார் நேரே பெஞ்சுக்கு வந்தார். "யாருப்பா அவன விட்டது?"

"நான்தான் சார். ஸாரி. ஃபோகஸ் போயிடுச்சு" என்றான் அரவிந்த். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அடுத்த மேட்ச் நீ வெளியில உக்காரு."

நான் பேசாமல் இருந்திருந்தால், ஒரு பையனின் கவனக்குறைவால் தோற்றோம் என்று போயிருக்கும். என் வேலையும் தப்பியிருக்கும். சில நொடி பேசாமல்தான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"சார், அவன் மேல தப்பில்ல. கலாஸ்னு கத்துனது நாந்தான். கேட்டா விலகுன்னு சொல்லிக் குடுத்ததும் நாந்தான்."

ராகவன் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க குடுத்த சிக்னல நீங்களே மறந்துட்டீங்களா? அப்போ வேற ஆளத்தான் பாக்கணும் முத்தையா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அரவிந்தும் நானும் மட்டைகளைக் கட்டினோம்.

"ஏம்ல உன் மேல போட்டுக்கிட்ட? கத்துனது நான்னு தெரியாதா?"

"தெரியும் சார். உங்க வாய்ஸ்தானே."

"ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்ல. பந்து நம்மகிட்ட இல்லன்னு தெரிஞ்சிருக்கும்."

"நீங்க சொன்னதுக்கப்புறம் எதுக்கு சார் பாக்கணும்?"



அடுத்த மாதம் புது கோச் வந்தார். நான் மறுபடி கோடு போட்டேன். மூன்று சீசன் கழித்துத்தான் அணி என் கைக்குத் திரும்பியது. பிறகு ஓய்வு பெறும்வரை என்னிடமே இருந்தது. கோச் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் ட்ரில் கேட்கிறார்கள். ட்ரில் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் குரலை நம்பித் திரும்பிப் பார்க்காமல் விலகுகிறவன் ஒருவன் மைதானத்தில் நிற்பான். வாயைத் திறக்கும் முன் அவனைப் பாருங்கள்.