பதினோரு மணிக்கு எங்கள் நாடகம்

மலைப்பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் என் கணவர் முதலில் மேடையைத்தான் தேடுவார். ஆளில்லாத மேடையில் ஏறி நின்று ஒருமுறை கைதட்டுவார். சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். நானும் மகளும் கீழே நிற்போம். மகளுக்குச் சின்ன வயதில் அது விளையாட்டாக இருந்தது. காலேஜ் போக ஆரம்பித்த பிறகு வெட்கமாகிவிட்டது.

அவர் மைசூரில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நான் கார்மென்ட்ஸில் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் ஆறேழு பேர் கூடி நாடக ஒத்திகை பார்ப்பார்கள். எழுதுவது அவர். ஒத்திகையில் வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது நான். மைசூரில் அரங்கம் கேட்டுப் போனால், தமிழ் நாடகத்துக்கு யார் வருவார்கள் என்பார்கள். அதனால் ஹனூரைத் தாண்டிய மலை ஊர்களின் விழாக்களைத்தான் நம்பியிருந்தோம். மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் அங்கே வருவார்கள்.

அந்த மேடைகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு கோவில் மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் ஒரு வார்த்தை கேட்காது. ஒரு பள்ளிக்கூட மேடைக்கு நேர் எதிரே கொடிக்கம்பம். பார்க்கிறவர்கள் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, மலைச்சரிவில் கல்படிகள் வைத்துக் கட்டிய திறந்தவெளி அரங்கம். மேடைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் பாறை, குரலை வாங்கிக் கடைசிப் படிவரை தள்ளிவிடும். மைக்கே வேண்டாம். ஆனால் மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வரும். அதற்கப்புறம் அங்கே பேசுவது வீண் என்பார்.

அங்கே ஆண்டுதோறும் ஒரு விழா நடக்கும். நாலு வருடம் எழுதிப் போட்டோம். ஐந்தாவது வருடம் கடிதம் வந்தது. பகல் பதினோரு மணி, நாற்பது நிமிடம்.

அந்த மாதமே, பல நாளாக விடாமல் இருந்த அவருடைய தொண்டைக் கட்டு என்ன நோயென்றும் தெரிந்துவிட்டது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். குரல் போய்விடும் என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார், இவரைப் பார்த்துச் சொல்லவில்லை. இவர் கேட்டது ஒன்றுதான்.

"செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாமா சார்? ஞாயித்துக்கிழமை ஒரு புரோகிராம் இருக்கு."

டாக்டர் கேலண்டரைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நாடகம் அவருடைய கதைதான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் மைசூரில் ஒரு வீட்டுக்கு ஆறு மாதம் பெயிண்ட் அடிக்கிறான். கிரகப்பிரவேசத்தன்று வெளியே நிறுத்தப்படுகிறான். கடைசியில் அவன் அந்த வீட்டிடம் தனியாகப் பேசுவான். அந்தப் பேச்சு பத்து நிமிடம். அதை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். படிகள் நிறைய ஜனம். பாறைமேல் இளம் வெயில். இவர் மேடையில் ஏறிக் கைதட்டினார். தட்டிய சத்தம் தெளிவாக வந்தது. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, திரும்பிக்கொண்டேன்.

பதினொன்றாயிற்று. பேட்ஜ் குத்தியிருந்த ஒருவர் வந்து, "சொல்ப வெயிட் மாடி சார்," என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். விருந்தினர் வராமல் தொடங்கக் கூடாதாம். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. சோறு போட்டார்கள். இவர் எதுவும் விழுங்கவில்லை, தண்ணீர்கூட மெதுவாகத்தான் குடித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்டள்ளிக்காரம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

"உங்க வூட்டுக்காரருங்களா? எப்பங்க ஆரம்பிப்பாங்க? அஞ்சு மணிக்குக் கடைசி பஸ்ஸுங்க. அத உட்டா நாளைக்குத்தானுங்க."

மூன்று மணிக்கு விருந்தினர் வந்தார். சால்வை போர்த்தினார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். அதற்குள் காற்று ஏறிவிட்டது. மேடைக்குப் பின்னால் கட்டிய துணி படபடவென்று அடித்துக்கொண்டது. நாலரைக்கு அதே ஆள் வந்து, "ஹதினைது நிமிஷ அஷ்டே," என்றார், பதினைந்தே நிமிடம்தானாம்.

எங்கள் ஆட்கள் கோபப்பட்டார்கள். "வேண்டாம்ணா, போயிடலாம்," என்றார் வீட்டுச் சொந்தக்காரராக நடிப்பவர். இவர் யாரையும் பார்க்கவில்லை.

"நான் மட்டும் ஏறுறேன். கடைசிப் பேச்சு மட்டும்."

நான் கையைப் பிடித்தேன். "ஏங்க, காத்து அடிக்குதுங்க. தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"இனிமே என்ன ஆகணும்?"

ஏறினார். மகள் தன் போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள். முதல் நாலைந்து வரி மைக்கில் நன்றாகவே வந்தது. மார்டள்ளிக்காரம்மா முன்னால் குனிந்து கேட்டார். அப்போது கீழே சாலையில் பஸ் ஹார்ன் அடித்தது. படிகளில் பாதிப் பேர் எழுந்தார்கள். பையைத் தேடுவதும் பிள்ளைகளைக் கூப்பிடுவதுமாக ஒரே சத்தம். அந்த அம்மாவும் எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்று என் தோளைத் தொட்டுவிட்டு ஓடினார்.

கூட்டம் கலைவதைப் பார்த்து, மேடை ஓரத்தில் இருந்தவர் மைக்கை வாங்கி நன்றியுரை சொல்லிவிட்டு அணைத்துவிட்டார். இவர் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. முதல் படியில் இருந்த எனக்கே நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் கேட்டது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோயிற்று. முடித்துவிட்டுக் கும்பிட்டபோது படிகளில் பத்துப் பேர்கூட இல்லை.

திரும்பும்போது வேனில் கேட்டார், "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. எல்லாம் கேட்டுச்சு."

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் மகள் அந்த வீடியோவைப் போட்டாள். காற்றின் இரைச்சல், ஹார்ன், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. நடுவில் அவர் வாய் அசைகிறது. மகள் ஹெட்போன் போட்டுக் கேட்டாள். இரைச்சலைக் குறைக்கும் ஆப் என்னென்னவோ இறக்கிப் பார்த்தாள். "பர்தாயில்லம்மா," என்றாள் கன்னடத்தில். அப்பாவின் குரல் எதிலும் வரவில்லை. அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்த வசனம் ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லலாம், குரல் எங்கிருந்து வரும்?

நாடகக்காரர்கள் ஒன்றிரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்தார்கள். அவர் முன்னால் வசனம் பேச அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு வரவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் போனில்தான் கூப்பிடுவார்கள். நான் எடுத்துப் பேசினால் அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிடுவார்கள். இப்போது வேறொரு பெயிண்டரிடம் ஆளாகப் போகிறார். சுவரைச் சுரண்டுகிற தூசி, மூச்சு விட ஆபரேஷனில் வைத்த கழுத்துத் துளைக்குள் போகும், அந்த வேலையே கூடாது என்றார் டாக்டர். துணியைக் கட்டிக்கொண்டு போகிறார்.

போன மாதம் என் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, மலைப்பக்கம் விழா பார்க்கப் போக வேண்டும், எந்த இடம் நன்றாயிருக்கும் என்று கேட்டாள். கல்படி அரங்கத்தைச் சொன்னேன், காலையிலேயே போகச் சொன்னேன். போய் வந்து படங்களைக் காட்டினாள். படியெல்லாம் கூட்டம், எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவரிடம், வேறு யாராவது பேசுகிற மாதிரி ஒரு நாடகம் எழுதுங்களேன் என்று பேனாவையும் நோட்டையும் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஏதோ எழுதித் திருப்பிக் காட்டினார். டேங்கில் தண்ணீர் இல்லை, மோட்டார் போடு என்று இருந்தது. நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன்.