எதற்கென்று தெரியாத மௌனம்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோன வருஷம், திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரன் வேடியப்பனின் குரல்தான் ரயிலைவிட உரக்கக் கேட்கும். அந்தக் குரலுக்குப் பயந்தே மனைவி மணியம்மை கே.ஜி.கண்டிகையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

தன்னைத் திருத்திக்கொள்ள, ஆடிக் கிருத்திகையன்று மலையடிக் குளக்கரையில் சாயங்காலம்வரை மௌனமாக உட்கார்ந்து யோசிக்க முடிவெடுத்தான். அப்படி விரதம் இருப்பவர்கள் இன்னதை விடுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கையில் காப்புக் கட்டவேண்டும். இவனோ அவசரத்தில் "எல்லாம் நல்லபடியா ஆவணும்" என்று மட்டும் சொல்லிக் கட்டிக்கொண்டான். உட்கார்ந்தபின் எதை யோசிப்பது என்றே தெரியவில்லை. குதிரைக்குக் கொள்ளு வாங்குவதுதான் ஞாபகம் வந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கோயிலுக்கு வந்த மணியம்மை, அவன் காப்போடு வாய் மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டுவிட்டாள்.

"எதுக்குய்யா மௌனம்? சொன்னா வூட்டுக்கு வரேன்."

வேடியப்பன் கையை ஆட்டினான்.

"ஈ ஓட்டுறியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்குத் தாங்கவில்லை.

"உங்கிட்ட கத்தக்கூடாதுன்னுதான்மே!"

குளக்கரையே திரும்பிப் பார்த்தது.

"ஆங், நல்லாவே கேட்டுச்சு" என்று மணியம்மை கிளம்பினாள்.

தன் மௌனம் எதற்கென்று அப்போதுதான் அவனுக்கே விளங்கியது. அதையே மெதுவாகச் சொல்லிப் பார்க்க நினைத்தான். ஆனால் அந்தத் தொண்டைக்கு அது பழக்கமில்லை. திறந்தால் மறுபடி கத்திவிடுவோமென்று பயந்து, கண்டிகைவரை வாயை மூடிக்கொண்டே அவள் பின்னால் நடந்தான்.