டீக்கடையில் தீர்ந்துபோன நாவல்

எழுத்துத் தொழிலுக்கு வருகிறவன் வாயை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். நாவல் எழுதப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கூரை இல்லாத வீடு

திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். வயலுக்கு நடுவே நாலு சுவர், மேலே கூரை இல்லை. உள்ளே ஒரு அம்மாள் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அடடா, நாவல் சிக்கிவிட்டது!

வீட்டுக்குப் போய் எழுத வேண்டியதுதானே? இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே டீக்கடைக்குப் போனேன். அங்கே செல்வராஜ் சார் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், என் கதை எது அச்சில் வந்தாலும் முதல் ஆளாகப் படித்துவிட்டுத் திட்டுகிற நண்பர். அந்த அம்மாளுக்கு ஒரு புருஷன், ஒரு மகள், ஒரு பழைய சண்டை எல்லாம் அங்கேயே ஜோடித்து, கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்த நேரம் அது.

"பிரமாதம் சார். சட்டுனு எழுதிடுங்க. கண்ணு இருக்கறப்பவே நான் படிச்சிடணும்."

அடுத்தது எங்கே?

எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. சொல்லி முடித்த திருப்தியிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. உந்துதல் வேண்டும் என்று விடியற்காலையில் காவேரிக் கரை அம்மா மண்டபப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். கிடைத்தது ஜலதோஷம். அப்புறம் கொள்ளிடக் கரை. அங்கே மணல்தான் இருந்தது. வெறும் தாளோடு திரும்பி வந்த என்னை என் மனைவி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"காவேரி ஆச்சு, கொள்ளிடம் ஆச்சு. ஏங்க, அடுத்தது சமுத்திரமா?"

காணாமல் போன மகள்

தில்லை நகரில் ஒரு பல் டாக்டர். காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கதையை எடுத்துவிட்டேன். பல்வலியோடு எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள், நம்ம வாய் அப்படி. சுற்றி இருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கன் கூப்பிடுகிற பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், போன தடவை சொன்னப்ப அந்தம்மாவுக்கு ரெண்டு பொண்ணு. இன்னொண்ணு எங்க போச்சு?"

பஸ் போர்டு

செல்வராஜ் சார் பார்க்கும்போதெல்லாம் "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பார். "ஓடிட்டிருக்கு சார்" என்பேன். ஓடிக்கொண்டிருந்தது என் வாய்தான். ஒருநாள் சாயங்காலம் அதே டீக்கடை. நான் ஏறவேண்டிய ஸ்ரீரங்கம் பஸ் எங்களுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார்.

"சார், வந்து நிக்கறது உங்க பஸ்ஸா பாருங்க. எனக்குப் போர்டு தெரியல."

பெரிய எழுத்து

அன்றைக்குப் போட்டேன் வாய்க்குப் பூட்டு. கதையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபீஸ் கிளம்புவதற்கு முன் தினமும் உட்கார்ந்தேன், வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. குப்பையாக வந்த பக்கங்கள்தான் அதிகம். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஒருவழியாக முடிந்தது. பெரிய பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

செல்வராஜ் சார் தாள்கட்டை மடியில் வாங்கிக்கொண்டார். மேல் தாளை மூக்கு வரைக்கும் கொண்டுபோனார். அப்படியே இறக்கிவிட்டார். இப்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். கண்டவர்களிடம் பேசித் தீர்த்த நேரத்தில் எழுதித் தொலைத்திருந்தால் இந்த மனுஷன் தன் கண்ணாலேயே படித்திருப்பாரே! அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார்.

"நல்ல கனமாத்தான் இருக்கு. உட்காருங்க சார், நீங்களே வாசிங்க. ஆனா டீக்கடையில சொன்னதைவிட நல்லா இருக்கணும், ஆமா."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டுப்போன இந்தத் தவளை இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்வராஜ் சார் வீட்டில் உட்கார்ந்து, பாடுபட்டு எழுதியதையெல்லாம் மறுபடியும் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது.