கனடாக் குதிரையும் அக்காவின் ஒற்றைத் திரி விளக்கும்

அக்காவின் மகள் கனடாவில் ஒரு குதிரைப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்ட செய்தியை அக்கா சொந்தக்காரர்கள் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. "மாப்பிள்ளைக்குக் காணி பூமி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எவ்வளவு காணி என்று கேட்டால் ஏக்கர் கணக்கில் பதில் வரும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பாட்டனாரின் தகப்பன் கண்டிக்கு மேலே ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர். துரை போய், குதிரை போய், தோட்டம் கைமாறிய பிறகும் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்குக் குதிரைக்கார வீடு என்றுதான் பெயர். அந்தப் பெயரைத் தொலைக்க மூன்று தலைமுறை பிடித்தது. அக்கா படித்து ஆசிரியையாகிக் கண்டி டவுனுக்கு வந்தாள். மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரியாக்கி, மேற்படிப்புக்கு மொன்றியலுக்கு அனுப்பினாள். அங்கே போனவள் ஒரு குதிரைக்காரனைக் காதலித்தாள்.

கல்யாணத்தை அக்கா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமற் போனது ஒரு படம். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, பனியில் நின்று, மகள் தள்ளுவண்டியில் குதிரை லத்தி தள்ளிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு வேறு. அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்காடா நாங்க மலையை விட்டு இறங்கினோம்?"

மகளுக்கு மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை காத்திருந்தது. நகரத்துக்குப் போவதென்றால் கணவனும் வரத் தயார். அம்மா சொல்கிறபடி செய்கிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மா என்ன சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, மாப்பிள்ளையின் தாய் ஒருவரைத் தவிர.

அந்தச் சம்பந்தியம்மா கியூபெக்கில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இல்லை, முழங்கால் இரண்டும் சரியில்லை. பண்ணையில் இருப்பவை அந்த நாட்டுக்கே உரிய பழைய இனக் குதிரைகள். ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசன் கப்பலில் அனுப்பியவற்றின் வாரிசுகள். குள்ளமானவை, கறுப்பு, குளிருக்கும் பட்டினிக்கும் அசையாதவை. உழுதும் வண்டி இழுத்தும் தேய்ந்து, அருகி, இப்போது இவரைப் போன்ற சிலர் வீம்புக்கு வைத்திருப்பதால் மிஞ்சியிருப்பவை. மகனும் மருமகளும் நகரத்துக்குப் போய்விட்டால் பண்ணைக் குதிரைகளை ஒவ்வொன்றாக விற்க வேண்டும். ஆகவே அக்காவை நேரில் பார்த்துப் பேசுவதற்காக மருமகளோடு கண்டிக்கே வந்துவிட்டார். மகன் வரவில்லை. குதிரைகளுக்கு யாராவது தீனி வைக்க வேண்டுமே.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை சொந்தக்காரர்களை அழைத்து, தன் ஊர்ப் பாரம்பரியச் சாப்பாட்டைத் தன் கையால் சமைத்துப் போட்டு, குதிரை இனத்தைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றுவது. அவருடைய ஊரில் இப்படிப் பல விருந்துகள் வைத்துப் பலரைக் குதிரைப் பக்கம் திருப்பியிருக்கிறாராம். நன்றாகச் சாப்பிட்டவன் மறுக்க மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியாது.

மாவுக்குள் இறைச்சியை அடைத்துச் சுடும் 'பை'தான் விருந்தின் தலைவர். முறைப்படி அது பன்றி இறைச்சியில் செய்வது. ஆனால் வீட்டில் அவ்வளவு பெரிய அடுப்பு இல்லை. பக்கத்து வீட்டு முதலாளிக்குச் சொந்தமாகப் பேக்கரி உண்டு, பாண் சுடும் அவருடைய போறணையில்தான் வேக வேண்டும். முதலாளி முஸ்லிம். எனவே ஆட்டிறைச்சி என்று முடிவானது. சம்பந்தியம்மா அரை மனதோடு சம்மதித்தார். கண்டி மார்க்கெட்டில் கறுவாப்பட்டையையும் கராம்பையும் முகர்ந்து பார்த்தபோது, இத்தனை காலமும் தான் பைக்குப் போட்டுவந்தது மரத்தூள் என்று சொன்னார். மஞ்சள் பட்டாணி சூப், பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸ் தூவிக் குழம்பு ஊற்றிய ஒரு பதார்த்தம், மேப்பிள் பாணி ஊற்றிய இனிப்பு ஆகியவை மற்றவை. மரத்தைக் குத்திச் சாறு எடுத்துக் காய்ச்சுவதை அவர் கைகளால் அபிநயித்து விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலுமாரியிலிருந்து எங்கள் ஊர்க் கித்துள் மரத்துப் பாணிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஞாயிறு மாலை நான் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய், ஹந்தானையிலிருந்து இறங்கிய அத்தையைத் த்ரீவீலரில் கூட்டிவந்தேன். அத்தைதான் எங்கள் குடும்பத்தில் இப்போது மூத்தவர். அவர் சரி என்றால் மற்றவர்களுக்கும் சரி. வீட்டுக்குள் காலை வைத்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

யன்னலுக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதன் மேல் வெள்ளை விரிப்பு. நடுவில் மரச் சட்டமிட்ட பெரிய படம், ஒரு கறுப்புக் குதிரை. படத்தின் இரு பக்கமும் மெழுகுவர்த்தி. முன்னால் வெள்ளைத் தாமரை. தலதா மாளிகைக்கு அருகே பூத்தட்டு விற்பவர்களிடம் சம்பந்தியம்மா வாங்கியது. அதற்கும் முன்னால் சின்னத் தட்டுகளில் சூப், கிழங்கு, இனிப்பு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

பத்திரிகையில் என் கடைசி வருடங்கள் மரண அறிவித்தல் பக்கத்தில் கழிந்தன. பார்த்ததும் இரண்டு கொலம் அறிவித்தல் என்று மனம் அளந்துகொண்டது. உறுதிப்படுத்தாமல் எதையும் அச்சுக்கு விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் முந்திய நாள் கனடாவிலிருந்து வந்த அழைப்புக்குப் பிறகு சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். குதிரை ஒன்று சாப்பிடவில்லை என்று மகன் சொன்னதாக அக்காவின் மகளும் சொன்னாள். இப்போது படமும் பூவும் படையலும். வேறென்ன சாட்சி வேண்டும்?

அத்தை செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படத்தின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"எப்பப்பா போச்சு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நேத்துன்னு நினைக்கிறேன் அத்தை."

"வாயில்லாச் சீவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாலை வாங்கிட்டு வந்திருப்பேன்ல."

அந்த நேரம் அக்கா அறையிலிருந்து பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள். படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், திரும்ப உள்ளே போனாள். வெளியே வந்தபோது வெள்ளையில் கரைபோட்ட நூல் சேலை. குதிரை என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள்தான். ஆனால் வீட்டில் ஒரு சாவு என்றால் முறை தவறக் கூடாது. சாமி அறையிலிருந்து குத்துவிளக்கைக் கொண்டுவந்து, தெற்குப் பார்த்து ஒற்றைத் திரி போட்டு ஏற்றினாள். பிள்ளையாருக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகைச் சரத்தைப் படத்துக்குச் சாத்தினாள். குதிரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள். தட்டுகளிலிருந்தவற்றை ஒரு வாழையிலைக்கு மாற்றி, சுற்றித் தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தினாள். பின்னால் வந்த சொந்தக்காரர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

சமையலறையிலிருந்து வந்த சம்பந்தியம்மா கதவடியில் நின்று இதையெல்லாம் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. பிறகு எனக்கு அவர் சொன்னது இது: தன் சொந்த மாகாணத்தில்கூட அந்த இனத்துக்கு இப்படியொரு மரியாதையை யாரும் செய்ததில்லை. அக்கா போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவர் அக்காவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். காரணங்கள் மட்டும் வேறு வேறு.

பைத் தட்டுகளோடு அக்காவின் மகளும் பேக்கரி முதலாளியும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். முதலாளி தட்டைப் பிடித்தபடியே என் காதருகே குனிந்தார்.

"என்ன தம்பி, யாரு மவுத்து?"

நான் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார்.

"நெத்தியில பொட்டோட நிக்கிதே, அதுவா?"

வியாபாரம் செய்கிறவர்கள் கேட்க வேண்டியதை நேரே கேட்டுவிடுவார்கள். முதலாளி தட்டை வைத்துவிட்டுச் சம்பந்தியம்மாவிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குதிரைக்கு என்ன நோய் வருத்தம் என்று விசாரித்தார். வருத்தம் ஒன்றும் இல்லை என்றார் அவர். வயிற்றில் குட்டி, அடுத்த மாதம் ஈனும். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்றுதான் கவலையாக இருந்தது, இன்று நன்றாகச் சாப்பிடுகிறதாம். பார்க்கிறீர்களா?

கேட்டுக்கொண்டே மகனை வீடியோவில் அழைத்தார். அங்கே காலை. திரையில் பெரிய கறுப்பு முகம் ஒன்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் மாப்பிள்ளை கையசைத்தார். அறையில் சூடப் புகை இன்னும் அடங்கவில்லை. சம்பந்தியம்மா போனைத் திருப்பி, மாலையும் பொட்டும் விளக்குமாக இருந்த படத்தைக் குதிரைக்கே காட்டினார். குதிரை மெல்லுவதை நிறுத்தவில்லை.

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையைக் கீழே இறக்கினார்கள். அத்தை மட்டும் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா சமையலறைக்குப் போனாள். நானும் அவள் மகளும் பின்னாலேயே போனோம். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா சிரிக்கும் நிலையில் இல்லை.

"உசுரோட இருக்கிறதுக்கு ஒத்தைத் திரி போட்டுட்டேன்டா. அதுவும் வயித்துப்புள்ளைக்காரிக்கு."

"குதிரைக்கு நம்ம சாஸ்திரமெல்லாம் தெரியாதுக்கா."

"தெரியாமப் படுத்துருச்சுன்னா? யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

அக்கா குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சாத்தி, மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ இங்கருந்து நேரா அது கிட்டப் போற. அது நல்லபடியாப் பெத்து எந்திரிக்கிற வரைக்கும் ஒரு எட்டு நகரக் கூடாது. வேலை கீலையெல்லாம் அப்புறம்."

"அம்மா, அவங்க பதில் கேட்டிருக்காங்க. இப்ப விட்டா வேற ஆளை எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும். பாவத்தைச் சுமந்துக்கிட்டுப் போயி ஆய்வுகூடத்துல என்னத்த ஆராயப் போற?"

விருந்து நடந்தது. படமும் மாதிரித் தட்டுகளும் அடுக்கிச் சம்பந்தியம்மா அந்த மேசையை அலங்கரித்ததே தன் உரைக்காகத்தான். அவர் உரையை ஆற்ற, நான் வரிக்கு வரி தமிழாக்கினேன். குற்ற உணர்வில் எல்லோரும் தலையைக் குனிந்தபடி ஒரு சத்தமும் இல்லாமல் கேட்டார்கள். இவ்வளவு ஊன்றிக் கேட்கும் சபையைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னார். இலையிலிருந்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று கேள்வி எழுந்தது. செத்தவர்தான் இல்லையே, அப்படியானால் அது வெறும் சாப்பாடுதான் என்று அத்தை தீர்ப்பளித்தார். சூப்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பருப்பு நல்லா வெந்திருக்கு, யாரோ தாளிக்க மறந்துட்டாங்க" என்றார். பையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மருமகள் பண்ணைக்கே திரும்புகிறாள் என்று கேட்டதும் சம்பந்தியம்மா என்னை ஒரு பக்கமாக அழைத்து, பைதான் காரணம் என்று இரகசியமாகச் சொன்னார். ஆட்டிறைச்சிக்கு மாற்றியது நல்லதாகப் போயிற்றாம். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா கோயிலுக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன். போகுமுன் குதிரை பிறந்த நாளையும் நேரத்தையும் சம்பந்தியம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவருக்கு அது மனப்பாடம். பஞ்சாங்கம் ரோகிணி என்றது.

குருக்கள் பெயர் கேட்டார். அக்கா குதிரையின் பிரெஞ்சுப் பெயரைக் கண்ணிமைக்காமல் சொன்னாள். நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"வெளிநாட்டுப் புள்ளையா?"

"கனடா, சாமி. சுகமாப் பெறணும்."

"தலைப் பிரசவமா?"

"மூணாவது."

அர்ச்சனை குறைவில்லாமல் நடந்தது. அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதை நான் கவனித்தேன்.

குட்டி சுகமாகப் பிறந்தது, பெட்டைக் குட்டி. செய்தி வந்த அன்று அக்கா பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் கற்கண்டு கொடுத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. ஆய்வுகூட வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கட்டுமா என்று மகள் கேட்டபோது, குட்டி பால்குடி மறக்கட்டும் என்றாள் அக்கா. பால்குடி மறந்தது. அதற்குள் அங்கே குளிர்காலம் வந்துவிட்டது. குளிரில் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்றாள்.

இப்போதெல்லாம் தினமும் வீடியோவில் கொட்டகையைச் சுற்றிப் பார்க்கிறாள். போன கிழமை மகளிடம் போனை மூலையில் நின்ற இன்னொரு குதிரையிடம் கொண்டுபோகச் சொன்னாள். பக்கவாட்டில் காட்டச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அதற்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். அது சினையில்லை, மிருக வைத்தியர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றாள் மகள். மறுபடி பார்க்கச் சொல் என்று அக்கா போனை வைத்தாள்.

வைத்தியர் மறுபடி பார்த்தார். சினைதான்.

இனி அடுத்த வருடம் வரை மகள் எங்கும் நகர முடியாது. இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் என்னடா செய்ய," என்றாள். "போக வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"