நண்டு முடிச்சு

போன மாதம் எங்கள் பசியாவரத்துப் பாலை மரத்துக்குக் கம்பி வேலி போட்டார்கள். மரம் செடி படிக்கிற பெண் ஒருத்தி வந்திருந்தாள். ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க இலை உதிராத காடாக இருந்ததாம்; எங்கள் ஊரில் அதில் மிஞ்சியது இது ஒன்றுதானாம். விதை பொறுக்கி நாற்று விடப் போகிறார்கள். 'ஊரார் தெய்வமாக வணங்கிக் காத்த மரம்' என்று பலகையும் வைத்தார்கள். கூட்டத்தில் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த மரத்தில் சாமி ஒன்றும் கிடையாது. வைகாசியில் மஞ்சளாகப் பழுக்கும், தின்றால் பால் பிசுக்கில் உதடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் நைனாவின் படகுக்கு அடிக்கட்டை பிளந்துவிட்டது. பாலைக் கட்டை இரும்பு மாதிரி. விடிந்ததும் சித்தப்பாவோடு போய் வெட்டப் போவதாக நைனா சொன்னார். மரம் முழுக்கச் செங்காய். இன்னும் பத்து நாள் விட்டால் பழம்.

பொழுது சாய்வதற்குள் அம்மாவின் பழஞ்சேலையில் நீளமாக ஒரு பட்டை கிழித்தேன். மஞ்சள் தடவி மரத்தைச் சுற்றிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது வலை முடிச்சு ஒன்றுதான். நான் இடது கைக்காரி. என் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். "இன்னா புள்ள, நண்டு போட்ட முடிச்சாட்டம் கீது" என்று நைனா தினமும் கேலி செய்வார்.

காலையில் புதருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். நைனா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு முடிச்சை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இன்னாண்ணா, வெட்டலாமா?" என்றார் சித்தப்பா.

"வேணாம்டா. ஆத்தா வந்து குந்திக்கினா."

"நேத்து வரைக்கும் இல்லாத ஆத்தாளா?"

"இவ இடதுகைக்கார ஆத்தாடா. வுடு."

சாமிக்கு இடது கை என்றே நம்பிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மழைக்காலம் வரை எங்கள் படகு மணலில் கவிழ்ந்தே கிடந்தது. நைனா அடுத்தவர் படகில் ஆளாகப் போனார். "வர்றவ நம்ம படகு ஒடைஞ்சப்பதான் வரணுமா?" என்று அம்மா ஆத்தாவைத் திட்டினாள்.

பழம் பழுத்ததும் நைனாதான் முதலில் துண்டு நிறையப் பொறுக்கி வந்தார். "ஆத்தா குட்தா, துன்னு" என்று என் மடியில் கொட்டினார். எப்படி ஏமாற்றிவிட்டேன் இவரை என்று உதடு ஒட்ட ஒட்டச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார்.