சென்றாயன் ஊன்றிய பரண்கால்

அரியூர் நாட்டுச் சென்றாயனுக்கு ஒரே ஒரு வேலைதான் கைவந்தது. முள்முருங்கைக் கொம்பை வெட்டி மண்ணில் ஊன்றுவார், அது துளிர்க்கும், மிளகுக்கொடியை அதில் ஏற்றிவிடுவார். 1930-களில் அந்த ஊர் மலைச்சரிவில் நின்ற கொம்புகளில் பாதி அவர் ஊன்றியவை.

ஒரு சித்திரையில், அவர் வீட்டு அடுப்புக்கு மேலிருந்த மூங்கில் பரண் நடுவில் தொய்ந்தது. பரணில் இருந்தது விதைச் சாமை. அடுப்புப் புகை பட்டால்தான் அது பூச்சி பிடிக்காமல் விதைப்பு வரை தாங்கும். மனைவி பாவாயியோ, தலைக்கு மேல் தொங்கும் பரணுக்கடியில் களி கிண்ட முடியாதென்று அடுப்பை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஏனுங்க, முட்டுக் குடுக்கறீங்களா, இல்ல எங்கண்ணன் ஊட்டுல போயி வெத கேக்கறீங்களா?"

மைத்துனரிடம் கேட்பதற்குப் பதில் சென்றாயன் மலையையே முட்டுக் கொடுத்து நிறுத்துவார். வேங்கை மரத்தை வெட்டினால் காட்டு அதிகாரி வருவார். முள்முருங்கைக்கு யாரும் வரமாட்டார்கள். பச்சைக் கொம்பை வெட்டிவந்து, பரண் தொய்ந்த இடத்துக்குக் கீழே குழி தோண்டி முட்டாக ஊன்றி, பழக்கதோஷத்தில் எருவும் போட்டு, தண்ணீரும் ஊற்றினார். பரண் நிமிர்ந்தது. கொஞ்ச நாளில் கொம்பில் வெளிறிய தளிர் ஒன்று எட்டிப் பார்த்தது.

"உசுருள்ள காலு, புள்ள. கறையான் தொடாது. இது வளர வளரப் பரணும் தானா உசரும்."

"அப்பறம் நான் சாமை எடுக்கக் கூரை மேல ஏறட்டுங்களா?" என்றபடி பாவாயி அடுப்புக்கல்லை உள்ளே தூக்கிவந்தார்.

சென்றாயன் குறுக்கே நின்றார். "அனல்ல தளிரு கருகிரும். அடுப்பு வெளியவே கெடக்கட்டும்."

"கொம்பு பொழைக்கோணும், வெத சாகோணுமுங்களா?"

பாவாயி தீ மூட்டினார். சென்றாயன் அடுப்புக்கும் கொம்புக்கும் நடுவே, அனலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். களி வேகுமுன் அவர் பாதி வெந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மேல் முதுகு இடம் கொடுக்கவில்லை. செம்மண்ணில் வைக்கோலைக் குழைத்துக் கொம்பைச் சுற்றிக் கனமாக அப்பிவிட்டார்.

அனலில் மண் இறுகித் தூணானது. பரண் அசையவில்லை. புகை பட்ட சாமை, விதைத்தபோது பழுதில்லாமல் முளைத்தது.

உள்ளே கொம்பு உயிரோடு இருப்பதாகச் சென்றாயன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெயர்த்துப் பார்த்தால் பரண் விழும் என்பதால் யாரும் மறுக்கவில்லை. பாவாயி மட்டும் தினமும் அடுப்பு பற்றவைக்குமுன் தூணடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்.

"கொம்புக்கு இல்லீங்க," என்பார் கேட்பவர்களிடம். "ஊத்தாட்டி அவரு சோறு திங்கமாட்டாரு."