பூஜையில் வைத்த கண்ட்ரோலர்

எனக்குப் பிடித்த வீடியோ கேம்களை வரிசைப்படுத்தச் சொன்னால் யோசிக்கவே மாட்டேன், மூச்சு விடாமல் ஐந்து சொல்லிவிடுவேன். நாற்பதைத் தாண்டிய ஆள், ஒரு பெண் பிள்ளைக்கு அப்பன், இதில் போய்க் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டது ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகள். அவள் கேட்டு நான் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஐந்தாவது இடம் பாம்புக்கு. பட்டன் போனில் புள்ளியைத் தின்று தின்று நீளுமே, அதேதான். கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் கம்பெனி பஸ்ஸில் எனக்கிருந்த ஒரே துணை அது. நாலாவது, மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவது. அதை ஆடி ஆடி, டெம்போவில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தால்கூட எந்தப் பெட்டியைத் திருப்பிப் போடலாம் என்றுதான் கண் போகும். மூன்றாவது கார் ரேஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேம் சென்டர் இருந்த காலம். பெண் பார்க்கப் போன அன்றே அங்கே உட்கார்ந்து நேரம் போனது தெரியாமல் ஆடிவிட்டு, பெண் வீட்டில் டிராஃபிக் என்று சொன்னேன். என் மனைவி இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

இரண்டாவது, பாராசூட்டில் குதித்துச் சுடுகிற கேம். கம்பெனியில் நாங்கள் நாலு பேர் ஒரே டீம். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்தால் ஒருவன் தெலுங்கில் கத்துவான், இன்னொருவன் கன்னடத்தில் திட்டுவான். எதிரி எந்தப் பக்கம் என்று எனக்குப் புரிவதற்குள் செத்திருப்பேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது! லைனை மூடிய பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். குரூப்பில் இப்போது காலை வணக்கம் மட்டும்தான் வருகிறது.

ஆமாம், நாங்கள் வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடிவிட்டார்கள். வண்டிகளுக்குப் பாகம் செய்கிற கம்பெனி அது. நான் குவாலிட்டியில் இருந்தேன். வெர்னியர் அளவுகோலைப் பிடித்து ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரி, தள்ளு என்று பிரிக்கிற வேலை. மூடியதும் மற்ற மூவரும் கிடைத்த வேலைக்குப் போனார்கள். நான் போகவில்லை. சீனியர் இன்ஸ்பெக்டர் போய் கான்ட்ராக்டில் ஹெல்பராக நிற்பதா? அதற்கு என் மானம் இடம் தரவில்லை. ஒயர் கோக்கிற கம்பெனிக்குப் போகிற மனைவியின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் அதே மானம் தாராளமாக இடம் தந்தது. போதாததற்கு மகளுக்கு என்று சொல்லி, டிவியில் மாட்டுகிற பழைய கேம் பெட்டி ஒன்றையும் வாங்கி வந்தேன்.

அதில்தான் என் முதலிடம் கிடைத்தது. விவசாயம் செய்கிற கேம். நிலத்தைக் கொத்தி, விதை போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, பூவைப் பறித்து, தங்க நட்சத்திரமா வெள்ளி நட்சத்திரமா என்று தரம் பிரித்துப் பெட்டியில் போட வேண்டும். மனைவி பஸ் ஏறிப் போனதும் உட்கார்ந்தால், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதும் அங்கேயே இருப்பேன். "அப்பா, இன்னிக்கு எத்தன தங்கம்?" என்றுதான் செருப்பைக் கழற்றுவாள்.

மனைவியின் அண்ணன் ஒரு வேலை சொன்னார். அவர் கெலமங்கலம் பக்கம் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிற தோட்டத்தில் மேஸ்திரி. பறித்து வருகிற பூவைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்ட ஆள் வேண்டும் என்றார்.

"மச்சான், மில்லிமீட்டருக்குள்ள மில்லிமீட்டர் பாத்தவன் நான். என்னயப் போயி ரோஜாக் காம்பு அளக்கச் சொல்றீங்களா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "யோசிச்சு வைங்க மாப்ள. ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வர்றேன், அப்ப சொல்லுங்க. அதுக்கு மேல எடத்தப் புடிச்சி வைக்க முடியாது" என்றார்.

ஆயுத பூஜையும் வந்தது. முந்தின வருடம் வரைக்கும் கம்பெனியில் தருகிற ஸ்வீட் பாக்ஸும் பொரியும் என் கையில் வீட்டுக்கு வரும். இந்த முறை மனைவி கொண்டு வந்தாள். காலையில் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் தான் ஒயர் வெட்டுகிற கட்டிங் பிளேயரை வைத்தாள், மகளின் புத்தகங்களை அடுக்கினாள். கடைசியில் மெதுவாக, "என்னங்க, பரண் மேல உங்க வெர்னியர் கீதே, எடுத்து வைக்கட்டா?" என்றாள்.

"எதுக்கு? அதுக்கென்ன இப்ப வேல வெட்டியா இருக்குது? சும்மா கெட!" என்று எரிந்து விழுந்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். நான் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் வீட்டில் ஆட்கள். கீழ்வீட்டு கன்னடக்கார அம்மா வந்திருந்தார். மச்சானும் பழப்பையோடு வந்து நின்றிருந்தார். எல்லோரும் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேயருக்கும் புத்தகத்துக்கும் நடுவில், பட்டனுக்குப் பட்டன் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவோடு என் கேம் கண்ட்ரோலர் இருந்தது.

"இதேனு?" இது என்னவென்று கேட்டு அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"அப்பாவோடது ஆன்ட்டி. எல்லாரோடதும் இருந்துச்சு, அப்பாவோடது மட்டும் இல்ல. அதான் நானே வெச்சேன்" என்றாள் மகள், பெருமையாக.

ஐயோ, அப்போது பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். எடுத்துவிடலாம் என்று கை போனது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதில் கண்டிப்பு அதிகம். மனைவி என்னைப் பார்க்காமலே சூடம் ஏற்றினாள். தட்டை பிளேயருக்குக் காட்டினாள், புத்தகத்துக்குக் காட்டினாள், கண்ட்ரோலருக்கும் காட்டினாள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

மச்சான் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொரி சாப்பிட்டார், மகள் தலையைத் தடவினார், "வர்றேன் மாப்ள" என்று கிளம்பிவிட்டார். அவர் கேட்காமல் போனதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து, பெயருக்காவது கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். மகள் ஒரு பக்கம் படித்தாள். மனைவி ஒரு துண்டு ஒயரை வெட்டி வைத்தாள். பிறகு மகள் கண்ட்ரோலரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள்.

"அப்பா, நீயும் ஆரம்பி. இந்த வருசம் பூரா உனுக்கு இந்த வேல நல்லா நடக்கணும்னு சாமிகிட்ட கேட்டுக்கினேன்."

கிண்டல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துளி கிண்டல் இல்லை. அதுதான் என் வேலை என்றே அவள் நினைத்திருந்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுகிறாள் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. நான் டிவியைப் போட்டு ஒரு செடி நட்டேன். மகள் கைதட்டினாள்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் மச்சானுக்கு போன் போட்டேன். "மச்சான், அந்த வேலைக்கு நான் வர்றேன். நாளைக்கே வர்றேன்" என்றேன்.



"அடடா, நேத்தே தளிப் பக்கத்து ஆள் ஒருத்தருக்குச் சொல்லிட்டனே மாப்ள. இன்னிக்குக் காலையில வேலைக்கும் வந்துட்டாரு."

"என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மச்சான்?"

"கேக்கத்தான் வந்தேன். பூஜையில அத வெச்சிருந்தீங்க. சாமி முன்னாலயே பதில வெச்சிட்டீங்க, இன்னமும் கேட்டா மரியாதயா இருக்காதுன்னு வந்துட்டேன்."

நான் வைக்கவில்லை, குழந்தை வைத்தாள் என்று வாய் வரைக்கும் வந்தது. பிள்ளை மேல் பழியைப் போடுகிறவனாகவும் ஆக வேண்டாம் என்று, "சரிங்க மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

கீழே வந்தபோது மனைவி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசினேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் டிவி முன்னால் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நட்டுட்டுப் போயிட்ட. தண்ணி ஊத்தலன்னா வாடிப்பூடும், சீக்கிரம் வா" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றினேன்.